எழுதப்படாத நிபந்தனை: வாடகை வீடும் வீட்டுப் பூனையும்

“வீடு தாறேன் மக்ளே, பூனைய மட்டும் கொண்டு வரப்பிடாது.” குமரி மாவட்டத்தின் திற்பரப்பு, குலசேகரம், திருவட்டாறு வட்டாரத்தில் வீடு தேடுபவர் தன்னிடம் பூனை இருப்பதை ஒளிக்காமல் சொன்னால், இப்படியொரு பதிலுக்குத் தயாராக இருக்கவேண்டும். அதனாலேயே சொல்லாமல் விடுபவர்கள் உண்டு. வீட்டுக்காரரும் கேட்பதில்லை. முத்திரைத்தாளில் அச்சாகும் ஒப்பந்தத்தில் வாடகை, அட்வான்ஸ், மின்கட்டணம், 11 மாதம் எல்லாம் இருக்கும், பூனை இருக்காது. இரண்டாம் மாத வாடகை வாங்க வரும்போது அது சன்னல் திண்டில் படுத்திருக்கும். பேச்சு அந்த இடத்தில் தொடங்கினால் பெரும்பாலும் மனக்கசப்பில்தான் முடியும்.

பூனை வைத்திருப்பவருக்கு வீடு கொடுக்கலாமா கூடாதா என்பதை இரக்கம் பற்றிய கேள்வியாகவே பேசிப் பழகிவிட்டோம். கொடுப்பவர் நல்லவர், மறுப்பவர் கல்நெஞ்சர் என்று கணக்கு முடிந்துவிடுகிறது. உண்மையில் இது சொத்துச் சேதம், சுகாதாரம், ஒப்பந்தம் ஆகியவற்றின் கேள்வி. வாய்மொழித் தடை பூனையை வீட்டுக்கு வெளியே நிறுத்துவதில்லை. வீட்டுக்காரரின் கண்ணுக்கு மட்டும் மறைக்கிறது. மறைத்து வளர்க்கப்படும் பூனைக்குச் சன்னல் வலை அடிக்க முடியாது. கதவில் கீறல் விழுந்தால் சொல்ல முடியாது. பூனை கழிக்கும் மண் தட்டை வெளிப்படையாகக் கழுவ முடியாது. வீட்டுக்காரர் அஞ்சும் சேதத்தில் பெரும்பகுதி இந்த ஒளிவுமறைவிலிருந்து வருகிறது. எழுதி ஒத்துக்கொண்ட பூனை, எழுதாமல் தடுக்கப்பட்ட பூனையைவிட வீட்டுக்குப் பாதுகாப்பானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

யார் வீடு, யார் குடி

கோதையாறு அருவியாக விழும் திற்பரப்பு ஒரு பேரூராட்சி. சிவராத்திரியையொட்டிச் சிவாலய ஓட்டம் ஓடுபவர்களுக்கு இங்குள்ள மகாதேவர் கோயில் மூன்றாவது தலம். ஊரைச் சுற்றி ரப்பர். பக்கத்துக் குலசேகரத்தில் மருத்துவக் கல்லூரியும் ஹோமியோபதி மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. படிக்க வருபவர்கள், செவிலியர்கள், மாற்றலாகி வரும் வங்கி, அரசு ஊழியர்கள் என்று வெளியூர்க் குடிகளுக்கு இங்கே எப்போதும் தேவை உண்டு. மொழியும் உணவும் கேரளத்தோடு கலந்த பகுதி என்பதால், எல்லைக்கு அப்பாலிருந்து வருபவர்களும் இங்கே அந்நியமாக உணர்வதில்லை.

வீட்டுக்காரர் இங்கே பெரும் சொத்து முதலாளி அல்லர். மாடியில் ஒரு வீடு கட்டி வாடகைக்கு விட்டு, கீழே தானே குடியிருப்பவராக இருப்பார். அல்லது வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் கட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தாயாக இருப்பார். அந்தக் கட்டிடம் ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பு. அயினியிலோ பலாவிலோ செய்த கதவில் ஒரு கீறல் விழுந்தால், அதைத் தச்சர் கூலியாக மட்டும் அந்தக் குடும்பம் பார்க்காது. அருவிக்கு வரும் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்ற இன்னொரு வழியும் சிலருக்கு இருக்கிறது. பூனையுள்ள குடியை மறுப்பதால் அவருக்கு உடனடி நட்டம் எதுவும் தெரிவதில்லை.

இரண்டு வகைப் பூனை

குமரி மாவட்டத்து வீட்டுக்குப் பூனை புதிதில்லை. நெல் நிறைந்த பத்தாயம் இருந்த வீட்டில் எலி இருந்தது. எலிக்காகப் பூனையைச் சகித்துக்கொண்டார்கள். மனிதனும் பூனையும் சேர்ந்ததே தானியத்தின் வழியாகத்தான் என்று தொல்லியலும் சொல்கிறது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதனுக்கு அருகே புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூடு பற்றி 2004இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்தத் தீவில் பூனை இயற்கையாக இருந்ததில்லை. உழவர்கள் படகில் கொண்டு சென்றிருக்கவேண்டும்.

பத்தாயத்துப் பூனை யாருக்கும் சொந்தமில்லாதது. சாளை மீன் தலையும் மிச்சச் சோறும் அதன் கூலி. கழிவுக்குத் தோட்டத்து மண். குட்டி போட மச்சு. இரவில் ஓட்டின்மேல் சண்டை. அது எத்தனை குட்டி போட்டது, எங்கே செத்தது என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. வீட்டுக்காரர் “பூனை வேண்டாம்” என்று சொல்லும்போது அவர் மனதில் இருப்பது இந்தப் பூனை.

குடியிருக்க வருபவர் கூடையில் கொண்டுவருவது வேறொன்று. அது வாசலைத் தாண்டுவதில்லை. அப்படியொரு பூனை சாத்தியமானதற்குக் காரணம் இருபதாம் நூற்றாண்டின் மூன்று ஏற்பாடுகள்: மண் தட்டு, கருத்தடை அறுவை, பைகளில் விற்கும் உலர் தீவனம். அமெரிக்காவின் மிச்சிகனில் எட் லோ என்பவர் 1947இல் சாம்பலுக்குப் பதிலாக உறிஞ்சும் களிமண்ணைப் பூனை வைத்திருப்பவர்களுக்கு விற்கத் தொடங்கியதிலிருந்துதான் மண் தட்டு ஒரு வணிகப் பொருளாயிற்று. பின்னர் ஈரம் பட்டால் கட்டியாகும் பென்டோனைட் களிமண் வந்தது; இந்தியாவில் அது குஜராத்தின் கச்சுப் பகுதியில் வெட்டியெடுக்கப்படுகிறது. இந்த மூன்றும் இல்லாமல் ஒரு பூனையை அறைக்குள் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது பூனைக்கும் கொடுமை, வீட்டுக்கும் கேடு.

“அதுக்கென்ன, வெளியே விட்டு வளத்தா போதாதா?” என்று கேட்பது இயல்பு. இந்த ஊரில் அது நல்ல தீர்வு அல்ல. அருவிப் பருவத்தில் சாலை முழுக்க வண்டிகள். தோட்டங்களில் நாயும் பாம்பும். மேலும், கொஞ்ச தூரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் காடு தொடங்குகிறது. சுற்றித் திரியும் பூனைகள் அமெரிக்காவில் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி பறவைகளைக் கொல்வதாக 2013இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு யாரும் வளர்க்காத பூனைகளுடையது. காட்டோரம் இருக்கும் ஊரில் பூனையை வீட்டுக்குள் வைத்திருப்பவர் பறவைகளுக்கும் அண்டை வீட்டுக்காரருக்கும் உதவியே செய்கிறார். வாடகைப் பழக்கமோ அவருக்கே முதலில் கதவைச் சாத்துகிறது.

சட்டம் பேசும் இடமும் பேசாத இடமும்

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், வீட்டு உரிமையாளர்கள், குடியிருப்போரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. நகர்ப்புற வாடகைக்கான இந்தச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் அதைப் பதிவு செய்யவேண்டும். வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் தவிர, முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தரவேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரவேண்டும். வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்ப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்கவேண்டும்.

வளர்ப்பு விலங்கு பற்றி இச்சட்டத்தில் ஒரு சொல்லும் கிடையாது. ஆனால், வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்கான காரணங்களைச் சட்டம் பட்டியலிடுகிறது. அவற்றில் ஒன்று, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது. பொதுத் தொல்லை தருவது, சொத்துக்குச் சேதம் விளைவிப்பது, உரிமையாளரின் நலனுக்குக் கேடாக நடப்பது எல்லாம் அதற்குள் வரும். எழுத்தில் எச்சரித்த பிறகும் தொடர்ந்தால்தான் அது காரணமாகும். இதைப் பூனைக்குப் பொருத்திப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பூனை வீட்டில் இருப்பது மட்டும் வெளியேற்றக் காரணம் ஆவது கடினம். பூனையால் நேர்ந்த சேதமும் தொல்லையும்தான் கணக்கு. சட்டம் பேசாத இடத்திலும் ஒரு வழியைக் காட்டியிருக்கிறது: விலங்கைப் பார்க்காதே, விளைவைப் பார்.

அப்படியிருந்தும் வீட்டுக்காரரின் வாய்ச்சொல் எப்படி இவ்வளவு வலுவாக இருக்கிறது? அவருடைய பலம் வெளியேற்றத்தில் இல்லை, புதுப்பிப்பில் இருக்கிறது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிய வேண்டும் என்பதால் 11 மாத ஒப்பந்தம் நாடெங்கும் வழக்கமாகிவிட்டது. பன்னிரண்டாம் மாதம் “இனி வேண்டாம்” என்று சொல்ல வீட்டுக்காரருக்கு எந்தக் காரணமும் தேவைப்படாது என்ற நம்பிக்கையில் இரு தரப்பும் நடந்துகொள்கின்றன. கட்டிடத்துக்கு இயல்பான தேய்மானம் போக, பெற்ற நிலையிலேயே திருப்பித் தரும் கடமை 1882ஆம் ஆண்டுச் சொத்துமாற்றுச் சட்டத்திலேயே குடியிருப்பவருக்கு உண்டு. எது தேய்மானம், எது சேதம் என்பதுதான் காலி செய்யும் நாளில் வரும் தகராறு. பூனை உள்ள வீட்டில் அந்தத் தகராறு இரட்டிப்பாகும்.

இன்னொரு சட்டத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய்வரைதான் என்பதால் இதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் “ஒண்ணு பூனை, இல்லேன்னா வீடு” என்று நெருக்கும்போது அந்தக் குற்றத்தை நோக்கித்தான் ஒரு குடும்பத்தைத் தள்ளுகிறோம். அருவிக்கரையிலோ மீன்சந்தைப் பக்கமோ விடப்படும் பூனை, இதுவரை வேட்டையாடிப் பழகாதது. அதன் துன்பம் ஒருபுறம். ஊருக்கு ஒரு தெருப்பூனை கூடுவது மறுபுறம்.

எல்லைக்கு அப்பால் இரண்டு தீர்ப்புகள்

பூனை பற்றி இந்திய நீதிமன்றங்களில் பேச்சு எழுந்தது அரிது. எழுந்த இடம் நமக்கு அடுத்த வீடு. 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, கொச்சிக்காரர் ஒருவர் தன் மூன்று பூனைகளுக்குத் தீவனம் வாங்கிவர வாகன அனுமதி கேட்டுக் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தான் சைவம் என்றும், வீட்டில் மீனோ இறைச்சியோ சமைப்பதில்லை என்றும், அந்தத் தீவனம் இல்லாமல் பூனைகள் பட்டினி கிடக்கும் என்றும் சொன்னார். நீதிமன்றம் அனுமதித்தது. விலங்குக்கு உணவும் நீரும் தருவது வளர்ப்பவரின் சட்டக் கடமை என்றால், அந்தக் கடமையை நிறைவேற்ற அரசு வழிவிட வேண்டும் என்பதே அதன் சாரம். சாளைத் தலைக்குப் பஞ்சமில்லாத நம் பகுதியில் இந்த வழக்கு சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால் வீட்டுப் பூனையைத் தனியொரு பொறுப்பாக நீதிமன்றம் ஏற்றது அதில் கவனிக்கத்தக்கது.

அடுத்த ஆண்டு, 2021இல், அதே நீதிமன்றம் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் தம் விதிகளில் வளர்ப்பு விலங்குகளுக்குத் தடை போடுவது சட்டத்துக்குப் புறம்பானது, செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 2015இல், இந்திய விலங்குகள் நல வாரியம் நாய் வளர்ப்பு தொடர்பாகக் குடியிருப்புச் சங்கங்களுக்கு இதே பொருளில் வழிகாட்டுதல் அனுப்பியிருந்தது. ருக்மிணி தேவி அருண்டேலை முதல் தலைவராகக் கொண்டு 1962இல் சென்னையில் தொடங்கப்பட்ட வாரியம் அது.

இவற்றை வைத்துக்கொண்டு “எந்த வீட்டுக்காரரும் பூனையைத் தடுக்க முடியாது” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது சரியான வாசிப்பு அல்ல. தீர்ப்பும் வழிகாட்டுதலும் சங்கங்களைப் பற்றியவை. பலர் சேர்ந்து, தன் சொந்த வீட்டில் வாழும் ஒருவர்மீது விதி சுமத்துவது வேறு. தன் வீட்டை இன்னொருவருக்குக் கொடுக்கும் தனிமனிதர், ஒப்பந்தத்துக்கு முன் நிபந்தனை சொல்வது வேறு. மேலும் கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு தமிழ்நாட்டில் எடுத்துக்காட்டப்படலாம், கட்டுப்படுத்தாது. திற்பரப்பில் மாடி வீட்டுக்குக் குடிவருபவர் இந்தத் தீர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால் வீடு கிடைக்காது. அவருக்கு வேண்டியது நல்ல ஒப்பந்தம்.

பயங்களைப் பிரித்துப் பார்த்தால்

வீட்டுக்காரரின் மறுப்பைப் பிரித்துப் பார்த்தால் நான்கைந்து தனித்தனிப் பயங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. பெரும்பாலானவற்றுக்கு வழியும் உண்டு.

முதலாவது மூத்திர வாடை. கருத்தடை செய்யாத ஆண் பூனை தன் எல்லையைக் குறிக்கச் சுவரில் பீய்ச்சும் மூத்திரத்தில் ஃபெலினின் என்ற அமினோ அமிலம் அதிகம்; அது சிதையும்போது கந்தகம் கலந்த கடும் நெடி கிளம்பும். கருத்தடை செய்துவிட்டால் பத்தில் ஏறக்குறைய ஒன்பது ஆண் பூனைகளில் இந்தப் பழக்கம் குறைகிறது அல்லது நிற்கிறது. குமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெய்யும்; ஆண்டில் பல மாதங்கள் தரை முழுதாகக் காய்வதில்லை. துளையுள்ள சிமெண்ட் தரையும் ஓடுகளின் இடுக்குச் சாந்தும் மூத்திரத்தை உறிஞ்சி, காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் வாடையைத் திருப்பித் தரும். ஆகவே இங்கே அடிப்படைக் கேள்வி பூனை உண்டா இல்லையா என்பதைவிட, கருத்தடை ஆயிற்றா, தரை என்ன தரை என்பதுதான்.

வாடை வந்தால் கையெட்டுவது பினாயில். இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பீனால் வகை வேதிப்பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பினாயில் துடைத்த தரையில் நடந்து, பாதத்தை நக்கும் பூனைக்கு நஞ்சு ஏறலாம். பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின்மேல் கொட்டினால், அமோனியாவும் குளோரினும் சேர்ந்து மனிதரின் மூச்சையே அடைக்கும் வாயு வரும். இந்தக் கறைக்கு ஏற்றது நொதி கலந்த துப்புரவுத் திரவம். வீட்டுக்காரர் சுத்தம் கேட்பது நியாயம். எதனால் சுத்தம் செய்வது என்பதையும் ஒப்பந்தம் சொல்வது நல்லது.

இரண்டாவது கீறல். பூனை கோபத்தில் கீறுவதில்லை. நகத்தின் பழைய உறையைக் கழற்றவும், பாதத்துச் சுரப்பிகளால் தன் மணத்தைப் பதிக்கவும் கீறுகிறது. தடுத்தால் நிற்காது, இடம் மாற்றலாம். நிமிர்ந்து நிற்கும், கயிறு சுற்றிய, 3 அடிக்குக் குறையாத கட்டையைப் பூனைகள் விரும்புவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ரப்பர் மரக்கட்டையும் தென்னங்கயிறும் கிடைக்கும் ஊரில் இதற்குப் பெரிய செலவில்லை. கொசுவலைச் சன்னல்களுக்கு மட்டும் கூடுதல் காப்பு வேண்டும். நைலான் வலை ஒரு பூனையின் நகத்துக்கு நிற்காது.

மூன்றாவது பெருக்கம். பெண் பூனை நான்கைந்து மாதத்திலேயே பருவமடையக்கூடும். சினைக்காலம் ஏறத்தாழ 65 நாள். குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் பூனையின் இனப்பெருக்கம் அடங்கும். நிலநடுக்கோட்டுக்கு எட்டுப் பாகை வடக்கே இருக்கும் திற்பரப்பில் பகலின் நீளம் பெரிதாக மாறுவதில்லை; ஆண்டு முழுவதும் குட்டி போடலாம். “ஒண்ணுன்னு சொன்னாங்க, ஒரு வருசத்துல ஏழாச்சு” என்ற புகாருக்குப் பின்னால் இருப்பது புவியியலும் தள்ளிப்போட்ட அறுவையும்.

நான்காவது கழிவு. கட்டியாகும் களிமண்ணைக் கழிப்பறையில் கொட்டினால் அது குழாயில் ஊதி அடைத்துக்கொள்ளும். செப்டிக் டேங்குக்கும் கேடு. வீட்டுக்காரருக்குப் பெரும் செலவு வைக்கக்கூடியது இதுதான்; ஆனால் குடியிருப்பவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை. மரத்தூளோ தென்னை நார்த்தூளோ பயன்படுத்தினால் உரக்குழியில் இடலாம். ஆனால் அந்த உரத்தைக் காய்கறிக்குப் போடக்கூடாது.

அதற்குக் காரணம் ஐந்தாவது பயமான நோய். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியை முதன்முறை தொற்றுக்குள்ளான பூனை ஓரிரு வாரங்கள் மலத்தில் வெளியேற்றும். வெளியேறிய நுண்முட்டை தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். தட்டை அன்றாடம் சுத்தம் செய்தால் ஆபத்து பெரிதும் குறைகிறது. கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்யாமலிருப்பது நல்லது. வெளியே போகாமல், சமைத்ததையும் உலர் தீவனத்தையும் தின்னும் பூனைக்கு இந்தத் தொற்று வருவது அரிது. தோட்டத்தில் திரியும் பூனையைவிட இந்த விஷயத்திலும் வீட்டுப் பூனையே பாதுகாப்பு. வெறிநோய்த் தடுப்பூசி மட்டும் தவறக்கூடாது.

ஒவ்வாமைக்கு முழுத் தீர்வு இல்லை. பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் உண்டாகும் ஒரு புரதம் மிக நுண்ணிய துகளாகக் காற்றில் மிதக்கும். பூனை போன பிறகும் அதன் அளவு பூனையில்லா வீட்டின் அளவுக்கு இறங்க 20 வாரத்துக்கு மேல் ஆகலாம். கீழ்வீட்டில் ஆஸ்துமா உள்ள ஒருவர் இருந்தாலோ, அடுத்து வரும் குடி அப்படிப்பட்டவராக இருந்தாலோ, மறுப்பதற்கு அது நேர்மையான காரணம். பூனையைக் கெட்ட சகுனமாகப் பார்த்து மறுப்பவரிடமும் ஒப்பந்தம் பேச முடியாது. மற்றப் பயங்களைத் தீர்வில்லாதவற்றின் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை.

மூன்று நாடுகள், மூன்று வழிகள்

தமிழர்கள் வாடகைக்குக் குடியிருக்கும் பிற நாடுகள் இதை எப்படித் தீர்த்தன என்று பார்ப்பது உதவும். சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் 1989 முதல் பூனைக்குத் தடை இருந்தது. வீட்டுக்குள் அடங்காது, முடி உதிர்க்கும், சத்தம் போடும் என்பவை காரணங்கள். தடை இருந்த 35 ஆண்டுகளும் மக்கள் ஒளித்து வளர்த்தார்கள். 2012இல் சோங் பாங் பகுதியில் சோதனை முறையில் அனுமதித்துப் பார்த்து, 2024 செப்டம்பர் 1 முதல் ஒரு வீட்டுக்கு இரண்டு பூனைகள் வரை அனுமதித்தார்கள். உரிமமும் நுண்சில்லும் கட்டாயம். தடை நீங்கியதும் பூனைகள் அரசின் கணக்குக்குள் வந்தன. தடை காலத்தில் அந்தக் கணக்கே இல்லை.

தமிழர்கள் பெருமளவில் வாழும் கனடாவின் ஒண்டாரியோ மாகாணம் எதிர்த்திசையில் போனது. 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் விலங்குத் தடை எழுதினாலும் அது செல்லாது என்கிறது. ஆனால் மற்றவர்களின் நிம்மதிக்கு விலங்கு கணிசமான இடையூறு செய்தாலோ, வீட்டுக்காரருக்கோ இன்னொரு குடிக்கோ கடும் ஒவ்வாமை உண்டாக்கினாலோ, இயல்பிலேயே ஆபத்தானதாக இருந்தாலோ வெளியேற்றம் கேட்கலாம். விளைவைப் பார் என்ற கொள்கையின் தெளிவான வடிவம் இது.

இங்கிலாந்தின் பாடம் பணத்தைப் பற்றியது. 2019இல் முன்பணத்துக்கு ஐந்து வார வாடகை என்று உச்சவரம்பு வைத்தபோது, விலங்குக்கென்று கூடுதல் முன்பணம் வாங்கும் வழி பெரும்பாலும் அடைபட்டது. குடியிருப்பவரைக் காக்க வந்த விதி, விலங்குள்ளவரை ஏற்பதில் வீட்டுக்காரருக்கு இருந்த ஒரே பாதுகாப்பையும் எடுத்துவிட்டது. 2025ஆம் ஆண்டின் வாடகையாளர் உரிமைச் சட்டம் இதை வேறு வழியில் சரிசெய்யப் பார்க்கிறது: குடியிருப்பவர் எழுத்தில் கேட்டால் வீட்டுக்காரர் 28 நாளுக்குள் பதில் தரவேண்டும், தக்க காரணமின்றி மறுக்கக்கூடாது. எழுத்தில் தரும் மறுப்புக்குத் தக்க காரணம் வேண்டும் என்பதுதான் இதில் உள்ள நுட்பம். “பிடிக்காது” என்பதை எழுதுவது கடினம். “கீழே ஆஸ்துமா நோயாளி இருக்கிறார்” என்பதை எழுதுவது எளிது.

ஒரு பக்க இணைப்பு

தமிழ்நாட்டில் ஒண்டாரியோவைப் போல ஒரு சட்டம் வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த எழுத்தில் என்ன சேர்ப்பது என்பதை இரு தரப்பிடமும் விட்டிருக்கிறது. வழக்கமான ஒப்பந்தத்தோடு ஒரு பக்கம் இணைத்தால் போதும்.

அதில் எத்தனை பூனை என்ற எண் இருக்கவேண்டும். கூடினால் எழுத்தில் கேட்கவேண்டும். கருத்தடை, வெறிநோய்த் தடுப்பூசி ஆகியவற்றின் சான்று நகல் இணையவேண்டும். மண் தட்டு எங்கே வைக்கப்படும், கழிவு எங்கே போகும், கழிப்பறையில் கொட்டுவதில்லை என்ற வாக்குறுதி எழுதப்படவேண்டும். சன்னல் வலை யார் செலவு, காலி செய்யும்போது அது யாருக்கு என்பதும் வேண்டும். பின்னாளைய தகராறுகளில் பாதியைத் தீர்ப்பது புகைப்படம்: குடிபுகும் நாளில் கதவு, சன்னல், தரை, சுவரின் கீழ்ப்பகுதி ஆகியவற்றைப் படமெடுத்து இருவரும் வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே இருந்த கீறலுக்குப் பூனை பழி சுமக்காது. புதிய கீறலைத் தேய்மானம் என்று சொல்லித் தப்பவும் முடியாது.

பணத்தையும் வெளிப்படையாகப் பேசலாம். மாத வாடகை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மூன்று மாத முன்பணம் 18,000 ரூபாய். ஒரு கதவை இழைத்து மெருகேற்றவோ சன்னல் வலைகளை மாற்றவோ அதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். கழித்ததற்கு ரசீது காட்டவேண்டும் என்று எழுதலாம். மூன்று மாதத்துக்கு மேல் வேண்டுமென்றால் அதையும் எழுதி ஒத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. மாதாமாதம் “பூனை வாடகை” என்று ஒரு தொகை வாங்குவதைவிட இது நல்லது. மாதத் தொகை சேதம் இல்லாவிட்டாலும் போய்விடும்; கழித்துக்கொள்ளும் முன்பணம், கவனமாக இருப்பவருக்குத் திரும்பக் கிடைக்கும். அந்த நம்பிக்கையே அவரைக் கவனமாக வைத்திருக்கும்.

முதல் மூன்று மாதத்தில் ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, 24 மணி நேர அறிவிப்போடு வந்து பார்க்கலாம் என்ற வரி வீட்டுக்காரருக்கு நிம்மதி தரும். அண்டை வீட்டிலிருந்து புகார் வந்தால் சரிசெய்ய எத்தனை நாள் என்பதும் இருக்கட்டும். ஊருக்குப் போகும்போது பூனையை யார் பார்த்துக்கொள்வார் என்பதற்கு ஒரு பெயரும் எண்ணும் வேண்டும். பண்டிகைக்கு ஊர் போனவரின் பூட்டிய வீட்டுக்குள் பூனை கத்துவதைக் கேட்டுத் தவிப்பவர் கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர்தான்.

இந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட மறுக்கும் குடியிருப்பவரை வீட்டுக்காரர் தயங்காமல் மறுக்கலாம். அவர் பூனையை எப்படி வளர்க்கிறார் என்பதை அந்த மறுப்பே சொல்லிவிடும். இதில் உள்ள எல்லாவற்றுக்கும் சம்மதித்த பிறகும் மறுக்கும் வீட்டுக்காரரும் தன் காரணம் என்ன என்று தன்னையே ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம். இரு தரப்புக்கும் இது ஒரு சோதனைத் தாள்.

தனித்தனி வீட்டுக்காரர்களின் பெருந்தன்மைக்கு மட்டும் இதை விட்டுவிடவும் கூடாது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் அரசின் படிவத்தில் “வளர்ப்பு விலங்கு உண்டா, எத்தனை, கருத்தடை ஆனதா” என்று மூன்று கட்டங்கள் சேர்க்க எந்தச் சட்டத் திருத்தமும் பெரிதாகத் தேவைப்படாது. ஒப்பந்தம் எழுதித் தரும் ஆவண எழுத்தர்கள் தங்கள் மாதிரியில் ஒரு பத்தி சேர்த்தால் அடுத்த ஆண்டே பழக்கம் மாறும். கால்நடை மருத்துவமனைகள் கருத்தடைச் சான்றைத் தனித் தாளாகக் கொடுத்தால் அதை ஒப்பந்தத்தோடு இணைக்கலாம். பேரூராட்சி, பூனை மண்ணை எந்தக் குப்பையோடு சேர்ப்பது என்று ஒரு வரி அறிவித்தால் செப்டிக் டேங்குகள் தப்பும். வெளியூரிலிருந்து மருத்துவமும் செவிலியமும் படிக்க வருபவர்களை நம்பி வீடு கட்டியிருக்கும் ஊர்களில், பூனையோடு வரும் குடியும் இனி வழக்கமான குடிதான். அவரை மறுப்பது வீட்டுக்காரரின் விருப்பம். ஏற்பதென்றால் எழுதி ஏற்கட்டும்.